ஒரே மருந்து, பல உடல்கள்

கேமரன் மலையில் 1929-ஆம் ஆண்டில் ரஸ்ஸல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தோற்றுவித்தார். அம்மலைச் சரிவுகளிற் பாடுபட்ட தமிழருக்குக் கூடை சுமக்கும் தோளும் கொழுந்து கிள்ளும் விரலுமே சொத்து. அவ்விரல்கள் வீங்கி, விடியலில் மடங்க மறுப்பின், அடுப்பும் அணைந்துவிடுமன்றோ! முடக்குவாதம் என்னும் இந்நோயை மலைக்குளிர் தந்ததென்பர் சிலர், தலைவிதியென்பர் பலர். உண்மை யாதெனில், உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பாற்றலே மூட்டுகளைத் தாக்குவதால் விளைவது இஃது.

ஒரே மருந்தை உண்ட இருவருள் ஒருவர் தேற, மற்றவர் வாடுவதேன்? இவ்வினாவின் வரலாற்றில் நம் சென்னைக்கும் இடமுண்டு. 1956-இல் அங்குக் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் தொடங்கப்பட்டது. ஐசோநியாசிட் என்னும் மருந்தைச் சிலருடைய ஈரல் விரைவாகவும் சிலருடையது மெதுவாகவும் மாற்றுகிறது. இவ்வியல்பு பெற்றோர்வழி வருவதை 1960-இல் எவன்ஸ் முதலிய அறிஞர் குடும்பங்களை ஆராய்ந்து நிறுவினர். தென்னிந்திய நோயாளரிடையே மெதுவாக மாற்றுவோரே மிகுதியெனச் சென்னை நிலையத்தார் 1961-இல் அறிவித்தனர். வாரத்திற்கு ஒருமுறை மருந்து தந்தபோது விரைவாக மாற்றுவோர் பின்தங்கியதையும் பின்னர்க் கண்டனர். குறை நோயாளரிடம் இல்லை. மருந்து தந்த முறையிலே இருந்தது.

இதற்கும் முடக்குவாதத்திற்கும் தொடர்பென்ன? ஸ்வீடன் நாட்டு மருத்துவ அம்மையார் நன்னா ஸ்வார்ட்ஸ், சல்பசலசின் என்னும் மருந்தை மூட்டு நோய்க்கென்றே ஆக்கி, 1942-இல் அதுபற்றி எழுதினார். குடலிற் பிரியும் அதன் ஒரு கூறினை மாற்றுவதும் ஐசோநியாசிட்டை மாற்றும் அதே மரபணுவின் வேலையே. மெதுவாக மாற்றுவோர்க்குக் குமட்டல், தலைவலி முதலிய தொல்லைகள் மிகக்கூடும்.

மலேசியாவிலும் இவ்வாராய்ச்சி நிகழ்ந்தது. 2005 முதல் 2009 வரை கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார் ஸ்வீடன் அறிஞருடன் கூடி, மலாய்க்காரர், சீனர், இந்தியர் ஆகிய மூவினத்து முடக்குவாத நோயாளரையும் ஆராய்ந்தனர். நோய்க்கு இடந்தரும் ஒருவகை மரபணுக் கூறு மூவினத்தாரிடையும் அபாயத்தை மிகுவிக்கக் கண்டனர். உடன்பிறந்தார் இருவர் மருந்திற்கு வேறுபடலாம். வேற்றினத்தார் இருவர் ஒத்திருக்கலாம். பிறப்பால் உயர்வு தாழ்வு பேசுவோர்க்கு இதில் யாதொரு துணையும் இல்லை.

எனினும், மரபணுச் சோதனை ஒன்றைக் கொண்டே முடக்குவாதத்திற்கு மருந்து தேரும் நாள் இன்னும் வரவில்லை. பெரும்பாலும் மெதோட்ரெக்ஸேட்டில் தொடங்கி, பலனைப் பார்த்து அளவையோ மருந்தையோ மாற்றுவதே மருத்துவர் முறை. ஆதலின், மருந்து பயன்தரவில்லையாயின் விதியென்று வீட்டிற் கிடவாதீர். தாமாக நிறுத்தவும் வேண்டா. மருத்துவரிடம் மீண்டுஞ் சென்று, உற்றதை உற்றபடி உரைப்பீராக. அவ்வுரையே அவருக்கு வழிகாட்டும்.