கடல்வழி வந்த மருத்துவமனை

காங்கேயனாகிய முருகனின் திருவுருவம் வந்திறங்கிய துறையாதலின் காங்கேசன்துறை எனப் பெயர் பெற்றது என்பது யாழ்ப்பாணத்து மரபு. வரலாற்றுக் காலத்திலும் இத்துறைக்கு ஒரு தனிப் பொறுப்பு உண்டு. குடாநாட்டைப் பெருநிலத்தோடு இணைப்பவை ஆனையிறவு முதலிய ஒடுங்கிய வழிகளே. அவை அடைபடும்போது மருந்தும் உணவும் கடல்வழியே வருதல் வேண்டும். 1987 யூன் மாத இறுதியில் இந்தியா அனுப்பிய நிவாரணப் பொருள்கள் இத்துறையிலேயே வந்திறங்கின.

மருந்து கப்பலேறி வரலாம், மருத்துவமனையே வருமா? வரும் என்பதற்கு 1855ஆம் ஆண்டே சான்று பகர்கிறது. கிரிமியப் போரில் காயத்தினும் நோயே மிகுதியான வீரரைக் கொன்றது. பாலமும் இருப்புப்பாதையும் சமைத்த இங்கிலாந்துப் பொறியியலாளர் புரூணல், மரத்தாலான மருத்துவமனை ஒன்றைப் பகுதி பகுதியாகச் செய்வித்துக் கப்பலில் அனுப்பினார். தார்தனெல்ஸ் கரையில், ரெங்கியோய் என்னுமிடத்தில் அது பொருத்தப்பட்டது. படுக்கைகளை மட்டுமன்றி, குடிநீர், கழிவுநீர் வடிகால், காற்றோட்டம் ஆகியவற்றையும் அவர் முன்கூட்டியே வகுத்திருந்தார். அங்கு வந்த ஏறத்தாழ 1,300 நோயாளருள் இறந்தோர் 50 பேர் அளவினரே.

ஆயினும், எத்துணைச் சிறந்த மருத்துவமனையும் நோயாளியைச் சென்றடையாவிடின் பயன் யாது? காங்கேசன்துறைக்குத் தென்கிழக்கே, முல்லைத்தீவுக் கரையிலுள்ள புதுமாத்தளன் இவ்வினாவை 2009இல் எழுப்பிற்று. போரினிடையே அங்கு ஒரு பாடசாலையே மருத்துவமனையாயிற்று. பெப்ரவரி 10 முதல் மே 9 வரை, சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பல் வழியாக, காயமுற்றோர், நோயாளர், உடன் சென்ற உறவினர் என 13,000க்கு மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர். கப்பல் அணையத் துறைமேடை அங்கில்லை. காயமுற்றோரைச் சிறு படகுகளில் கிடத்தி, அலைகளினூடே கப்பலுக்குக் கொண்டு சென்றனர். மார்ச்சு மாதத்தில் இந்திய மருத்துவர் குழு புல்மோட்டையில் கள மருத்துவமனை அமைத்தது. மக்கள் செட்டிகுளத்து முகாம்களில் குவிந்தபோது அதுவும் அங்கே பெயர்ந்தது. மக்களைப் பின்தொடர்ந்து செல்வதே அத்தகைய மருத்துவமனையின் இலக்கணம்.

இவ்வரலாறு உணர்த்தும் உண்மை ஒன்று. நடமாடும் மருத்துவமனை கூடாரத்தில் தொடங்குவதன்று. நோயாளியைத் தூக்கும் கையிலும், ஏற்றும் படகிலும், அணையும் துறையிலும் தொடங்குவது. அவற்றுள் ஒன்று குறையினும் உயிர் இடைவழியிலேயே நின்றுவிடும். ஆதலின் காங்கேசன்துறை போன்ற துறையின் ஆழமும் மேடையும் வணிகருக்கு மட்டும் உரியன அல்ல. இடர் நேருங்கால் அவை மருத்துவமனையின் தலைவாயிலும் ஆகும். அவ்வாயிலை அமைதிக் காலத்திலேயே செப்பனிட்டு வைத்தல் அறிவுடைமை.