மரத்தின் நரை

மரத்துக்கும் நரை உண்டு. இழைத்து வெயிலிலும் மழையிலும் கிடக்கவிட்ட எந்தப் பலகையும் ஓரிரு ஆண்டுகளில் தன் மஞ்சளையும் செம்மையையும் இழந்து சாம்பல் நிறம் கொள்கிறது. இதைப் பலர் அழுக்கு என்றே எண்ணுகிறார்கள். சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்கள், மர இழைகளைப் பிணைத்து நிற்கும் லிக்னின் என்னும் பொருளைச் சிதைக்கின்றன. சிதைந்ததை மழை கழுவிச் செல்கிறது. வெளிறிய செல்லுலோஸ் இழைகளும் அவற்றின்மேல் குடியேறும் கரும்பூஞ்சையும் மட்டுமே எஞ்சுகின்றன. மென்மர வகைகளில் இவ்வாறு தேய்வது நூறாண்டுக்கு ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் என்று மர ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். இயற்கை அவசரப்படுவதில்லை. அவசரப்படுபவன் மனிதன்தான்.

இந்த நரையை நீக்க மனிதன் கொண்ட முயற்சிகளின் வரலாறு கப்பலின் மேல்தளத்தில் தொடங்குகிறது எனலாம். பாய்மரக் கப்பல்களில் நாள்தோறும் விடியற்காலையில் தளத்தில் கடல்நீர் ஊற்றி, மணல் தூவி, மணற்கல் கட்டிகளால் தேய்த்து வெளுப்பது மாலுமிகளின் கடமை. அக்கல்லுக்கு ஆங்கில மாலுமிகள் வைத்த பெயர் 'ஹோலிஸ்டோன்', அதாவது புனிதக் கல். பெரிய கல் 'பைபிள்'. மூலைமுடுக்குகளைத் தேய்க்கும் சிறிய கல் 'பிரார்த்தனைப் புத்தகம்'. மண்டியிட்டுச் செய்யும் வேலை என்பதால் வந்த பெயர் என்பது பரவலான விளக்கம். கடல்நீரில் நனைந்து பலகைகள் உப்பினால் இடுக்குகள் இறுகி, கீழே நீர் ஒழுகாது என்ற நடைமுறைப் பயனும் இருந்தது. ஆனால் ரிச்சர்டு ஹென்றி டானா 1840இல் வெளியிட்ட தம் கடற்பயண நூலில் காட்டும் வாழ்க்கையைப் படிப்பவர்களுக்கு வேறொன்றும் புலப்படும்: தளத்தின் வெண்மையைவிட, மாலுமியின் கை சும்மா இருக்கக் கூடாது என்பதே அங்கே முதன்மையான நோக்கம்.

வெண்மைக்கு ஒரு விலை இருந்தது. கல் அழுக்கை மட்டும் தேய்ப்பதில்லை, மரத்தையும் தேய்க்கிறது. அமெரிக்கக் கடற்படையின் போர்க்கப்பல்களில் பதித்திருந்தவை விலையுயர்ந்த தேக்குப் பலகைகள். ('டீக்' என்ற ஆங்கிலச் சொல்லே நம் தேக்கிலிருந்து போர்ச்சுக்கீசியர் வழியாகச் சென்றதுதான்.) தளங்கள் விரைவாகத் தேய்ந்து, அவற்றைப் புதுப்பிக்கும் செலவு பெருகியதால், புனிதக் கல்லின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தி 1931இல் கடற்படைச் செயலரே ஆணை பிறப்பிக்க நேர்ந்தது. துப்புரவே பொருளை அழிக்கக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான அரசு ஒப்புதல் வேண்டுவதில்லை.

கல்லின் இடத்தை வேதிப்பொருள் பிடித்தது. மூன்று வேலைகளுக்கு மூன்று வகைப் பொருள்கள். பழைய பூச்சை உரிப்பதற்குக் காஸ்டிக் சோடா போன்ற கடுங்காரம். பூஞ்சையையும் நரைத்த இழைகளையும் நீக்கச் சலவைச் சோடாவின் உறவான சோடியம் பெர்கார்பனேட். 1899இல் தனாதர் என்ற வேதியியலார் முதன்முதலில் ஆக்கிய இது, நீரில் கரைந்ததும் ஹைட்ரஜன் பெராக்சைடை விடுவிக்கிறது. மூன்றாவது, நிறத்தை மீட்கும் ஆக்சாலிக் அமிலம்.

இந்த மூன்றாவது பொருள் ஏன் தேவைப்படுகிறது என்பது சுவையானது. காரம் பட்டால் மரத்திலுள்ள துவர்ப்புப்பொருளான டானின் கறுக்கிறது. அத்துடன் ஆணியின் இரும்பும் டானினும் சேருமிடத்தில் கருநீலக் கறை பிறக்கிறது. கடுக்காயில் ஊறிய துணியின்மீது, துருவேறிய இரும்பை வெல்லநீரில் ஊறவைத்தெடுத்த கரைசலைத் தொட்டுக் கலம்காரி ஓவியன் கருங்கோடு இழுப்பதும் இதே வினைதான். அங்கே அது கலை, இங்கே கறை. ஆக்சாலிக் அமிலம் அந்த இரும்பைப் பற்றி நீரில் கரையச் செய்துவிடுவதால் கருமை அகல்கிறது, எஞ்சிய காரமும் நடுநிலைப்படுகிறது. நம் வயல்வரப்பில் முளைக்கும் புளியாரையின் புளிப்பும் இந்த அமிலத்தால் வருவதே. 1776இல் ஷீலே இதைச் சர்க்கரையிலிருந்து ஆக்கிக் காட்டினார். கீரையில் இருக்கிறது என்பதால் சாதுவானதன்று; செறிந்த நிலையில் நஞ்சு.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் அமெரிக்க நடுத்தர வர்க்கத்தின் வீடுகளுக்குப் பின்னால் மரத்தளங்கள் பெருகின. நம் திண்ணை தெருவை நோக்கியது. அவர்களுடைய 'டெக்' தோட்டத்தை நோக்கியது. 1970களிலிருந்து இத்தளங்களில் பெரும்பாலானவை, தாமிரம், குரோமியம், ஆர்சனிக் கலந்த கரைசலை அழுத்தத்தில் செலுத்திப் பதப்படுத்திய பைன் மரத்தாலானவை. அமெரிக்கக் கொல்லைப்புறங்களை நிறைத்த இந்தக் கலவையை 1933இல் கண்டறிந்தவர் டேராடூன் வன ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய சொண்டி காமேசம் என்ற இந்தியர். தாமிரமும் ஆர்சனிக்கும் கரையானையும் பூஞ்சையையும் கொல்லும் என்பது முன்பே தெரியும். மழையில் கரைந்து போய்விடுவதுதான் சிக்கல். குரோமியத்தைச் சேர்த்தால் அது மரத்துக்குள் வேதிமாற்றம் அடைந்து மற்ற இரண்டையும் அங்கேயே பிணைத்துவிடும் என்று அவர் கண்டார். 1938இல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. அந்தத் தளங்களில் நின்று மாலைத் தேநீர் அருந்தியவர்களில் எத்தனை பேர் அவர் பெயரை அறிந்திருப்பார்கள்?

ஆனால் பிணைப்பு முழுமையானதன்று. சிறிதளவு ஆர்சனிக் கசிந்துகொண்டேயிருக்கிறது. குழந்தைகள் தவழும் தளம் என்பதால் கவலை எழுந்தது. 2002இல் உற்பத்தியாளர்கள் தாமாகவே விலகிக்கொள்ள ஒப்பினர். 2003 இறுதியோடு அமெரிக்காவில் வீட்டுப் பயன்பாட்டுக்கான மரத்தில் இக்கலவை நின்றது. அதற்கு முன் கட்டப்பட்ட தளங்கள் அப்படியே இருந்தன.

துப்புரவுப் பொருளைத் தேர்ந்தெடுப்பது அழகு சார்ந்த கேள்வியாக மட்டும் இல்லாமற்போவது இங்கேதான். ஊடுருவும் எண்ணெய்ப் பூச்சைத் தவறாமல் பூசிவந்தால் ஆர்சனிக் கசிவு குறைகிறது. ஆனால் பூச்சுக்கு முன் செய்யும் சடங்குகள் கசிவைக் கூட்டுகின்றன. அமிலம் கலந்த வெளுப்பான்கள் உலோகங்களை மரத்திலிருந்து கரைத்தெடுக்கின்றன. குளோரின் வெளுப்பான், காமேசம் பாடுபட்டு அடக்கிய குரோமியத்தை அதன் பழைய நச்சு வடிவுக்கே திருப்பக்கூடும். உப்புத்தாளால் தேய்த்தால் நச்சுத்தூள் பறக்கும். அத்தகைய பழைய தளத்துக்கு மென்மையான சோப்புநீரும் நார்த்தூரிகையுமே போதும். அதன்மேல் ஊடுருவும் பூச்சு. பட்டையாக உரியும் வண்ணப்பூச்சு வேண்டாம், அதை மறுபடி சுரண்ட நேரும்.

ஆர்சனிக் ஏறாத தேவதாரு, செம்மரம், புதிய வகைப் பைன் ஆகியவற்றில் இவ்வளவு அச்சமில்லை. அங்கும் ஒழுங்கு ஒன்று உண்டு. பழைய பூச்சு இருந்தால் மட்டுமே உரிக்கும் காரம். வெறும் நரைக்குப் பெர்கார்பனேட் போதும். காரம் தொட்ட பின் ஆக்சாலிக் அமிலம். ஒவ்வொன்றுக்கும் பின் நிறைய நீர். நன்கு உலர்ந்த பிறகே பூச்சு. கடையில் எளிதில் கிடைக்கும் குளோரின் வெளுப்பான் பூஞ்சையைக் கொல்லும். இரும்புக் கறையை நீக்காது, மிகையானால் லிக்னினையும் அரித்து இழைகளைப் பஞ்சாக்கும். அழுத்தத்தில் நீர் பீச்சும் கருவியோ, வெயில் பல ஆண்டுகளில் எடுத்துக்கொள்வதைச் சில நிமிடங்களில் பறித்துவிடும்.

மாலுமியின் கல் முதல் இன்றைய புட்டிகள் வரை நிகழ்ந்திருப்பது கருவியின் மாற்றம் மட்டுமே. புதியதாகத் தோன்ற வேண்டும் என்ற ஆசை மாறவில்லை. அதற்காக மேற்பரப்பில் ஓர் அடுக்கை இழக்கிறோம் என்பதும் மாறவில்லை. எதை நீக்க வேண்டும் என்று கேட்பதற்கு முன், நீக்கும்போது எது வெளியேறுகிறது, அது எங்கே போய்ச் சேர்கிறது என்று கேட்பதே சரி. கடற்படை அதைக் கேட்டது செலவுக் கணக்கு பார்த்தபோது. தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் அவ்வளவு காலம் காத்திருக்க இயலாது.