சுல்தான்களுக்குக் கட்டிய பாலியான் குடும்பத்தார்

பாஸ்பரஸ் நீரிணையின் கரையில், அலைகள் அடித்தளத்தைத் தொடுமாறு, ஒர்த்தாக்கோய்ப் பள்ளிவாசல் நிற்கின்றது. இஸ்தன்பூலைக் காணச் செல்லும் நம்மவர் அதனைப் பாராது திரும்புவதில்லை. 1850-களின் நடுவில் அதனை எழுப்பச் செய்தவர் சுல்தான் அப்துல் மஜீது. அவர் தேர்ந்த எழுத்தணிக் கலைஞருமாவார். உள்ளே மாட்டப்பெற்ற பலகைகளிற் சில அவர்தம் கையெழுத்தேயாகும். அப்பலகைகளைத் தாங்கும் சுவர்களை எழுப்பியவர்களோ கராபெத் பாலியான், அவர் மகன் நிகோகோஸ் என்னும் அர்மீனியக் கிறிஸ்தவர்கள்.

இக்குடும்பத்தின் வேர் அனத்தோலியாவில், கைஸரிய்யா வட்டாரத்தில் உள்ளது. மிஃமார் ஸினான் பிறந்ததும் அவ்வட்டாரமே. கல்லை அறிந்த மண் போலும்! தலைநகருக்கு வந்த முன்னோர் பாலி கல்ஃபா எனப்பட்டார். தலைமைக் கொத்தனாரைத் துருக்கியர் ‘கல்ஃபா’ என அழைப்பர். அது நாம் நன்கறிந்த ‘கலீஃபா’ என்னும் அரபுச் சொல்லின் திரிபேயாகும். ஆசானின் இடத்தில் நின்று வேலையை நடத்துபவன் என்பது கருத்து. சொல்லுக்கேற்ப, இக்குடும்பத்தில் தந்தையின் இடத்தில் மகன் நின்றான்.

கிரிகோர் பாலியான் (1764–1831) இரண்டாம் மஹ்மூதுக்காக நுஸ்ரத்திய்யாப் பள்ளிவாசலைக் கட்டினார். 1826-இல் அது நிறைவெய்தியது. யனிச்சேரிப் படையை ஒழித்த வெற்றியும் அவ்வாண்டினதே. பள்ளிவாசலின் பெயரில் அவ்வெற்றி நின்றுவிட்டது. அவர் மகனே கராபெத்.

கராபெத்தும் நிகோகோஸும் செய்த பெரும்பணி தோல்மாபாஹ்சே அரண்மனையாகும். கடலைத் தூர்த்து அமைத்த தோட்டம் என்பதே அவ்விடப் பெயரின் பொருள். 1843-இல் தொடங்கிய வேலை 1856 வரை நீண்டது. 285 அறைகள், 46 கூடங்கள். மேற்கூரைகளுக்கு மட்டும் 14 டன் பொன் பூசப்பட்டதாகக் கூறுவர். செலவு ஐம்பது இலட்சம் பொற்காசுகள். இடையே, 1854-இல், கிரீமியப் போரின்போது, அரசு முதன்முறையாக அயல்நாட்டுக் கடன் பெற்றது. 1875-இல் கடனை முழுதும் அடைக்க இயலாதெனக் கைவிரித்தது. இதற்குக் கட்டியவரைப் பழிப்போரும் உளர். கேட்டவர் சுல்தான், கொடுத்தது கருவூலம், கொத்தனார் மீது பழி சாற்றுதல் நீதியன்று என்பது நம் கருத்து.

பாரிஸில் பயின்று வந்த நிகோகோஸ் 1858-இல் இளவயதிலேயே இறந்தார். கராபெத் 1866-இல் மறைய, மற்றைய மைந்தர் சார்கிஸும் ஹகோப்பும் தொழிலை ஏற்றனர். பெய்லர்பெயி, சிராகான் அரண்மனைகள் அவர்கள் காலத்தன. சுல்தான் அப்துல் அஸீஸ் சார்கிஸுக்கு பாஸ்பரஸில் ஒரு சிறு தீவையே வழங்கினார். 1876-இல் அவர் பதவி நீக்கப்பட்டதும் அக்குடும்பத்தின் பொற்காலமும் சரிந்தது. எனினும் தோல்மாபாஹ்சே மணிக்கூண்டு 1895-இல் சார்கிஸின் பணியாகவே முடிந்தது. 1899-இல் அவர் இறந்தபின் அரண்மனைப் பணியை அந்த அளவில் தாங்கி நடத்த அக்குடும்பத்தில் எவரும் எழவில்லை.

பின்வந்தோர் இவர்களை மறக்கத் துணிந்தனர். சில வழிகாட்டிகள் ‘பாலியானி’ எனத் திரித்து, இத்தாலியர் ஒருவர் கட்டினார் என்று பயணிகளுக்குக் கூறிவந்தனர். ஆய்வாளருட் சிலரோ, அவர்கள் வரைபடம் வகுத்த சிற்பிகள் அல்லர், ஒப்பந்தக்காரர்களே என வாதிடுகின்றனர். 1831-க்குப் பின் அரசுக் கட்டடங்களுக்கெனத் தனி இயக்ககம் இருந்தமையால் இவ்வாதத்தை முற்றாகத் தள்ளுதற்கில்லை. ஆயினும் கல் கொணர்ந்து, ஆள் சேர்த்து, ஈரக்கரையில் கடைக்கால் இட்டு, குவிமாடத்தை நிலைநிறுத்தியவன் ஒப்பந்தக்காரனேயாயினும் அவன் பெயரை விழுங்குவது அமானிதத்தில் கைவைப்பதாகும். கல்வெட்டில் சுல்தானின் பெயரை ஓதும் நாம் இதனை எளிதில் விட்டுவிடுதற்கில்லை.

2010 டிசம்பரில் இஸ்தன்பூலிலேயே அந்நகரின் அர்மீனியக் கட்டடக் கலைஞர்களைப் பற்றிய கண்காட்சி ஒன்று திறக்கப்பட்டது. பாலியான் என்ற பெயர் அங்கே திரிபின்றி எழுதப்பட்டிருந்தது.