டாகுமென்ட் எங்க போச்சு? ஜெஸ்ட்டோட டீஃபால்ட் மாறின கதை

இன்னைக்கு ஒரு எரர் மெசேஜ்ல இருந்து ஆரம்பிக்கலாம்: "டாகுமென்ட் இஸ் நாட் டிஃபைன்ட்." 2021 மே மாசம் ஜெஸ்ட் 27 வந்தப்போ, வெர்ஷனை ஏத்தின பல பேர் டெர்மினல்ல இதைத்தான் பார்த்தாங்க. கோடுல ஒரு வரி மாத்தலை. ஆனா நேத்து பச்சையா இருந்த டெஸ்ட்டெல்லாம் இன்னைக்கு சிவப்பு.

கொஞ்சம் பின்னாடி போகணும். டாகுமென்ட், விண்டோ எதுவுமே ஜாவாஸ்கிரிப்ட்டோட சொந்தச் சொத்து இல்லை. அதெல்லாம் ப்ரௌசர் கொடுக்கிறது. அதனால டெஸ்ட் ஓட்டணும்னா ப்ரௌசரைத் திறந்தே ஆகணும். 2004ல் ஜேசன் ஹக்கின்ஸ் ஆரம்பிச்ச செலினியம் அந்த வழி. 2007ல் ஜான் ரெசிக் (ஆமா, ஜேக்வெரி எழுதினவரேதான்) வேற மாதிரி யோசிச்சார். ப்ரௌசர் மாதிரி நடிக்கிற ஒன்றை ஜாவாஸ்கிரிப்ட்லயே எழுதிட்டா என்ன? அதுதான் என்வி.ஜேஎஸ், ரைனோ இன்ஜின் மேல ஓடுச்சு. 2009ல் நோட் வந்தது. அடுத்த வருஷமே எலைஜா இன்சுவா ஜேஎஸ்டாம் எழுத ஆரம்பிச்சார்.

நடுவுல ஃபாண்டம்ஜேஎஸ்னு ஒண்ணு, 2011ல் அரியா ஹிதாயத் வெளியிட்டது. திரையே இல்லாத நிஜ வெப்கிட். 2017ல் க்ரோமே ஹெட்லெஸ்ஸா ஓட ஆரம்பிச்சதும் அதோட தேவை முடிஞ்சுபோச்சு.

ஃபேஸ்புக் 2014ல் ஜெஸ்ட்டை வெளியிட்டப்போ ஜேஎஸ்டாமை உள்ளேயே வெச்சுக் கொடுத்தாங்க. ரியாக்ட் எழுதுறவங்களுக்கு அது வரம். எந்தச் சூழல்ல டெஸ்ட் ஓடுதுன்னு யாரும் யோசிக்கவே தேவையில்லை. ஆனா டாம் பக்கமே போகாத சர்வர் கோடுக்கும், ஒவ்வொரு டெஸ்ட் ஃபைலுக்கும் ஒரு பொய் ப்ரௌசர் எழுப்பப்பட்டது. அந்த நேரச் செலவு வேண்டாம்னுதான் 27ல் டீஃபால்ட்டை நோட்னு மாத்தினாங்க. 2022ல் வந்த 28, ஜேஎஸ்டாமை பெட்டியில இருந்தே எடுத்துடுச்சு; தனியா இன்ஸ்டால் பண்ணணும். என்னைக் கேட்டா அந்த முடிவு சரிதான். கான்ஃபிக்ல ஒரு வரி, இல்லைன்னா ஃபைல் தலையில ஒரு கமென்ட். அவ்வளவுதான் வேலை.

ஆனா அந்த ஒரு வரியை எழுதும்போது எதைத் தேர்ந்தெடுக்கிறோம்னு தெரியணும். ஜேஎஸ்டாமுக்கு லேஅவுட் கிடையாது. எந்த எலிமென்ட்டோட அகலத்தைக் கேட்டாலும் பூஜ்யம்னு சொல்லும். எது மேல எது உட்கார்ந்திருக்குன்னு அதுக்குத் தெரியாது.

இதை நான் பட்டுத்தான் கத்துக்கிட்டேன். முன்னாடி வேலை பார்த்த இடத்துல, பணம் கட்டுற பக்கத்துல புதுசா ஒரு குக்கீ பேனர் சேர்த்தோம். சின்ன ஃபோன் திரையில அது "பே" பட்டன் மேலேயே உட்கார்ந்துடுச்சு. எங்க டெஸ்ட் பட்டனைத் தேடி க்ளிக் பண்ணுச்சு, பாஸ் ஆச்சு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரிலீஸ். ரெண்டு நாள் ஃபோன்ல இருந்து யாராலயும் பணம் கட்ட முடியலை. அந்த டெஸ்ட்டை எழுதினது நான்தான்.

திங்கட்கிழமை அந்த ஒரு பக்கத்தை மட்டும் ப்ளேரைட்டுக்கு மாத்தினேன். அது நிஜ ப்ரௌசரைத் திறக்கும். க்ளிக் உண்மையிலேயே பட்டன் மேல விழுமான்னு பார்த்த பிறகுதான் அழுத்தும். பேனர் இருந்த பழைய கமிட்டுக்குப் போய் ஓட்டிப் பார்த்தேன். முதல் தடவையே சிவப்பு.