முன்பிடி (துப்பாக்கி)

முன்பிடி என்பது நீள் துப்பாக்கியின் சுடுகுழலுக்குக் கீழே, விசைக்கு முன்புறத்தில், துப்பாக்கியைத் தாங்கும் கை பற்றிக்கொள்வதற்காக அமைக்கப்படும் உறுப்பு ஆகும். வலக்கைப் பழக்கமுள்ள படைவீரர் வலக்கையால் பின்பிடியைப் பற்றி விசையை இயக்குவார். இடக்கையால் முன்பிடியைப் பற்றிக் குறியை நிலைநிறுத்துவார். தற்காலப் படைத்துறைத் துப்பாக்கிகளில் குறிபார்ப்பி, விளக்கு, எறிகுண்டு செலுத்தி போன்ற துணைக்கருவிகள் பொருத்தப்படும் இடமாகவும் இம்முன்பகுதி விளங்குகிறது. ஒரு துப்பாக்கி எத்தனை ஆண்டுகள் பயன்பாட்டில் நிலைக்கும் என்பதைத் தீர்மானிக்கும் காரணங்களுள் இதுவும் ஒன்றாகிவிட்டது. இந்தியாவின் இன்சாஸ் துப்பாக்கி இதற்கு எடுத்துக்காட்டாகும்.

உறுப்புகள்

முன்பகுதியில் இரண்டு உறுப்புகளை வேறுபடுத்தி அறியலாம்.

* கைக்காப்பு: சுடுகுழலைச் சுற்றியுள்ள உறை. தொடர்ந்து சுடும்போது குழல் கையால் தொடமுடியாத அளவு சூடாகும். அவ்வெப்பத்திலிருந்து கையைக் காப்பதே இதன் முதல் பணி. மரம், நெகிழி, அலுமினியம் ஆகியவற்றால் செய்யப்படுகிறது.
* முன்பிடி: கைக்காப்பின் அடியில் தனியாக நீட்டிக்கொண்டிருக்கும் பிடி. எல்லாத் துப்பாக்கிகளிலும் இது இருப்பதில்லை. இது இல்லாதபோது வீரர் கைக்காப்பையே பற்றிக்கொள்கிறார்.

செயற்படும் முறை

குண்டு வெளியேறும்போது துப்பாக்கி பின்னோக்கி உதைக்கிறது. பெரும்பாலான துப்பாக்கிகளில் சுடுகுழலின் அச்சு, தோளில் அழுந்தும் கட்டையின் மையத்தைவிடச் சற்று உயரத்தில் உள்ளது. இதனால் உதைப்பு ஒரு திருப்புவிசையை உண்டாக்கி, குழல்முனையை மேல்நோக்கி எழச் செய்கிறது. தொடர்ந்து சுடும்போது இரண்டாவது, மூன்றாவது குண்டுகள் இலக்குக்கு மேலே செல்வதற்கு இதுவே காரணம். முன்கை குழல்முனைக்கு எவ்வளவு அருகில் பற்றுகிறதோ, அவ்வளவு எளிதாக இவ்வெழுச்சியைக் கட்டுப்படுத்தலாம். செங்குத்துப் பிடி இருந்தால் துப்பாக்கியைத் தோளை நோக்கி இழுத்து அழுத்தவும் இயலும்.

இதே நெம்புகோல் விதி எதிர்த்திசையிலும் செயற்படுகிறது. தோளிலிருந்து 60 செ.மீ. தொலைவில் பொருத்தப்படும் 300 கிராம் கருவி, 30 செ.மீ. தொலைவில் உள்ள 600 கிராம் கருவிக்கு இணையான சுமையைக் கைக்குத் தருகிறது. எனவே முன்பகுதியில் சேர்க்கப்படும் ஒவ்வொரு கருவியும் குழல் எழுச்சியைச் சிறிது குறைத்தாலும், வீரரின் கையை விரைவில் சோர்வடையச் செய்கிறது.

வரலாறு

முதல் உலகப்போர்க் காலத்துத் துப்பாக்கிகளில் முன்பகுதி பெரும்பாலும் மரத்தால் ஆனது. பிரித்தானிய இந்தியப் படை பயன்படுத்திய .303 லீ-என்பீல்டு துப்பாக்கியில் மரக்காப்பு ஏறத்தாழக் குழல்முனை வரை நீண்டிருந்தது.

தனியான செங்குத்து முன்பிடியைப் பரவலாக அறியச் செய்தது அமெரிக்காவின் தாம்சன் துணை இயந்திரத் துப்பாக்கி. இரண்டாம் உலகப்போரின்போது உற்பத்தியை எளிமையாக்கும் பொருட்டு அதன் எம்1 வகையில் கிடைநிலை மரப்பிடி இடம்பெற்றது. 1960களில் உருமேனியா தனது ஏகே வகைத் துப்பாக்கியின் மரக் கைக்காப்பிலேயே செங்குத்துப் பிடியைச் சேர்த்தது. 1977இல் ஆசுத்திரியப் படை ஏற்றுக்கொண்ட சிடெயர் ஆக் துப்பாக்கியில் மடக்கக்கூடிய முன்பிடி உண்டு.

அமெரிக்காவின் எம்16ஏ1 துப்பாக்கியின் முக்கோண வடிவக் கைக்காப்பு இடம், வலம் என இரு வேறு பாதிகளைக் கொண்டது. 1980களில் வந்த எம்16ஏ2 வகையில் இது உருளை வடிவமாக மாறியது. மேற்பாதியும் கீழ்ப்பாதியும் ஒன்றுபோல் அமைக்கப்பட்டன. இதனால் ஒரே உதிரிப்பாகத்தை இரு பக்கத்துக்கும் பயன்படுத்த முடிந்தது.

இணைப்புத் தண்டவாளம்

முன்பு ஒவ்வொரு துணைக்கருவிக்கும் தனித்தனி பொருத்தி தேவைப்பட்டது. 1995 பெப்ரவரியில் அமெரிக்கப் படைத்துறை வெளியிட்ட மில்-எசுடிடி-1913 என்னும் செந்தரம் இந்நிலையை மாற்றியது. நியூ செர்சியில் உள்ள பிக்காட்டினி படைக்கலச் சாலையின் பெயரால் இது பிக்காட்டினி தண்டவாளம் எனப்படுகிறது. இதன் குறுக்குப் பள்ளங்கள் 5.23 மி.மீ. அகலம் கொண்டவை, ஒரு பள்ளத்தின் மையத்திலிருந்து அடுத்ததன் மையம் 10.01 மி.மீ. தொலைவில் உள்ளது. இவ்வளவுகள் நிலையானவை என்பதால், எந்த நிறுவனம் செய்த கருவியையும் எந்தத் துப்பாக்கியிலும் பொருத்தலாம். கணினியில் யூஎசுபி துளை ஆற்றும் பணியுடன் இதனை ஒப்பிடலாம்.

நான்கு புறமும் தண்டவாளம் கொண்ட கைக்காப்பு கனமானது. அதன் விளிம்புகள் கையை உறுத்துபவை. இக்குறையைப் போக்க, தேவையான இடத்தில் மட்டும் கருவியைப் பூட்டும் துளை முறைகள் உருவாயின. 2012இல் கீமாட் முறையும், 2014இல் எம்-லாக் முறையும் அறிமுகமாயின. இவற்றுள் எம்-லாக் மிகுதியாகப் பரவியது.

முன்பிடி வகைகள்

* செங்குத்துப் பிடி: கீழ்நோக்கி நேராக நிற்பது. நெருங்கிய தொலைவில் விரைந்து திருப்புவதற்கு ஏற்றது.
* சாய்வுப் பிடி: மணிக்கட்டை வளைக்காமல் இயல்பான கோணத்தில் பற்ற உதவுவது.
* கைத்தடுப்பு: கை குழல்முனையை நோக்கி வழுக்காமல் தடுக்கும் சிறு மேடு.
* கால்கொண்ட பிடி: உள்ளே மடங்கியிருக்கும் இரு கால்கள் விரிந்து தாங்கியாகவும் பயன்படுவது.

குழலுக்கு அடியில் எறிகுண்டு செலுத்தியைப் பொருத்தினால் முன்பிடிக்கு இடமிருக்காது.

இந்தியத் துப்பாக்கிகளில்

1962ஆம் ஆண்டு சீனப் போருக்குப் பின் இந்தியப் படை .303 துப்பாக்கிகளை விடுத்து, இசாப்பூர் தொழிற்சாலையில் செய்யப்பட்ட 7.62×51 மி.மீ. 1ஏ1 துப்பாக்கிக்கு மாறியது. அதன் கைக்காப்பும் மரமே.

புனேயில் உள்ள படைக்கல ஆய்வு மற்றும் மேம்பாட்டு நிறுவனம் வடிவமைத்த 5.56 மி.மீ. இன்சாஸ், 1998ஆம் ஆண்டு குடியரசு நாள் அணிவகுப்பில் மக்கள் பார்வைக்கு வந்தது. இசாப்பூர், கான்பூர், திருச்சிராப்பள்ளி ஆகிய இடங்களில் உள்ள தொழிற்சாலைகளில் இது உற்பத்தி செய்யப்பட்டது. இதில் நெகிழிக் கைக்காப்பு பயன்படுத்தப்பட்டது. ஆனால் பிக்காட்டினி செந்தரத்துக்கு முந்தைய காலத்தில் உருவான வடிவமாதலால், இணைப்புத் தண்டவாளம் அதன் அடிப்படை அமைப்பில் இடம்பெறவில்லை. 1999 கார்கில் போரின்போது கடுங்குளிரில் தோட்டாக்கூடு வெடித்ததாகப் புகார்கள் எழுந்தன. தோட்டாக்கூட்டை மாற்றுவது எளிது. ஆனால் தண்டவாளம் இல்லாத கைக்காப்பில் புதிய கருவிகளைச் சேர்க்க, முன்பகுதியையே மாற்றவேண்டும். பின்னர் உருவாக்கப்பட்ட எக்சுகாலிபர் என்னும் வகையில் கைக்காப்பு சிறிதாக்கப்பட்டு, பிக்காட்டினி தண்டவாளம் சேர்க்கப்பட்டது.

திருச்சிராப்பள்ளி படைக்கலத் தொழிற்சாலை 1966இல் தொடங்கப்பட்டது. இன்சாஸ், ஏகே வகைத் துப்பாக்கிகளின் குழலுக்கு அடியில் பொருத்தப்படும் 40 மி.மீ. எறிகுண்டு செலுத்தி இங்கு உற்பத்தி செய்யப்படுகிறது. 7.62×39 மி.மீ. திருச்சி தாக்குதல் துப்பாக்கியும் இத்தொழிற்சாலையின் தயாரிப்பாகும். 2021 அக்டோபர் 1 முதல் இது கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட அட்வான்சுடு வெப்பன்சு அண்டு எக்யுப்மென்ட் இந்தியா நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது.

2019 பெப்ரவரியில் 72,400 சிக்716 துப்பாக்கிகளை வாங்க அமெரிக்க நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்யப்பட்டது. 2021 திசம்பரில் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஏகே-203 துப்பாக்கிகளை உத்தரப் பிரதேசத்தின் கோர்வா தொழிற்சாலையில் உற்பத்தி செய்ய ஒப்பந்தம் கையெழுத்தானது. பழைய ஏகே துப்பாக்கிகளைப் போலன்றி, ஏகே-203இன் மேல்மூடியிலும் கைக்காப்பிலும் தண்டவாளங்கள் உள்ளன.

துணைக்கருவிகளின் செலவு

தண்டவாளம் இருப்பதால் மட்டும் கருவிகள் வந்துவிடுவதில்லை. அவற்றைத் தனியாக வாங்கவேண்டும். 7.62×51 மி.மீ. துப்பாக்கிகளுக்கான இரவுநேரக் குறிபார்ப்பிகளை 659.47 கோடி ரூபாய்க்கு வாங்கும் ஒப்பந்தத்தை இந்தியப் பாதுகாப்பு அமைச்சகம் 2025 அக்டோபரில்தான் செய்தது. சிக்716க்கான முதல் ஒப்பந்தத்துக்கும் இதற்கும் ஆறு ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி உள்ளது.

குறைபாடுகள்

கைக்காப்பு சுடுகுழலைத் தொட்டுக்கொண்டிருந்தால், முன்பிடியில் தரப்படும் அழுத்தம் குழலைச் சிறிது வளைத்து, குண்டு படும் இடத்தை மாற்றக்கூடும். இதைத் தவிர்க்கக் கைக்காப்பைக் குழலின் பின்முனையில் மட்டும் பிணைத்து, மற்ற இடங்களில் தொடாதவாறு அமைப்பர். இவ்வமைப்பில் குழல் தடையின்றி அதிரும். எனினும் கைக்காப்பு உறுதியாக இல்லாவிடில், அதில் பொருத்திய சீரொளிக் குறிகாட்டி தன் நிலையிலிருந்து விலகிவிடும். நீண்ட செங்குத்துப் பிடி, தரையில் படுத்துச் சுடும்போது மண்ணில் இடிபட்டுத் தடையாகிறது. இக்காரணங்களால் பல படைகள் முன்பிடியைக் கட்டாயமாக்காமல், பணிக்கேற்பக் கழற்றி மாட்டும் துணைக்கருவியாகவே வழங்குகின்றன.

இவற்றையும் பார்க்கவும்

* இன்சாஸ் துப்பாக்கி
* ஏகே-47
* திருச்சிராப்பள்ளி படைக்கலத் தொழிற்சாலை