ஆன்டிபயாடிக்குகளும் நன்னீர்ச் சிற்றுயிர்களின் உணவுப் பழக்கமும்

நன்னீரில் வாழும் டாப்னியா, காமரஸ், ஹைட்ரா போன்ற சிற்றுயிர்கள் எதை உண்கின்றன, எவ்வளவு உண்கின்றன என்பதை நீரில் கலந்த ஆன்டிபயாடிக் மருந்துகள் மாற்றக்கூடும். மனிதருக்கும் கால்நடைகளுக்கும் கொடுக்கப்படும் இம்மருந்துகளில் கணிசமான பங்கு உடலில் சிதையாமலே சிறுநீரிலும் மலத்திலும் வெளியேறுகிறது. வழக்கமான கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் அது முழுவதும் நீங்குவதில்லை. ஆறு, ஏரிகளில் இவற்றின் செறிவு பெரும்பாலும் லிட்டருக்குச் சில நானோகிராம் முதல் சில மைக்ரோகிராம் வரை இருக்கும். மருந்து ஆலைகளின் கழிவு சேரும் இடங்களில் நிலைமை வேறு. ஐதராபாத்தை அடுத்த பட்டன்செருவில், ஆலைக் கழிவுகளைச் சுத்திகரித்து வெளியேற்றிய நீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் என்னும் ஆன்டிபயாடிக் இருந்ததாக 2007இல் ஓர் ஆய்வு தெரிவித்தது.

டாப்னியாவைச் சில நாட்களில் கொல்வதற்குப் பெரும்பாலான ஆன்டிபயாடிக்குகள் லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் தேவை. சாதாரண ஆற்றுநீரில் அந்த அளவு இருப்பதில்லை. ஆகவே விலங்கு சாகிறதா என்று மட்டும் பார்த்தால் விளைவு எதுவும் தென்படாது. இம்மருந்துகள் முதலில் தாக்குவது விலங்கை அல்ல, அதன் குடலிலும் உணவிலும் இருக்கும் பாக்டீரியாக்களை.

டாப்னியா சில மில்லிமீட்டர் நீளமுள்ள ஓட்டுடலி. மார்புக் கால்களை ஓயாமல் அசைத்து நீரோட்டத்தை உண்டாக்கி, கால்களிலுள்ள நுண்மயிர்களால் பாசியையும் பாக்டீரியாக்களையும் வடித்து உண்கிறது. அதன் குடலில் லிம்னோஹாபிடன்ஸ் என்னும் பாக்டீரியா மிகுதி. ஆய்வகத்தில் குடல் பாக்டீரியாக்களை நீக்கி வளர்த்த டாப்னியாக்கள் மெதுவாக வளர்ந்து குறைவாகவே குஞ்சு ஈன்றன. அதன் உணவும் மருந்திலிருந்து தப்புவதில்லை. நீலப்பச்சைப் பாசிகள் உண்மையில் பாக்டீரியாக்களே. பச்சைப் பாசியின் பசுங்கணிகத்தில் உள்ள ரைபோசோம்கள் பாக்டீரிய வகையைச் சேர்ந்தவை. எனவே எரித்ரோமைசின் போன்ற மருந்துகள் அவற்றின் புரத உற்பத்தியையும் தடுக்கின்றன. இதனால் டாப்னியா குறைவாக உண்டதா, உண்ணக் கிடைத்த பாசியே குறைந்துவிட்டதா என்பதைப் பிரித்தறிய, விலங்கு இல்லாமல் பாசியும் மருந்தும் மட்டுமுள்ள கலங்களையும் உடன் வைத்து எண்ண வேண்டியுள்ளது.

ஐரோப்பிய ஓடைகளில் வாழும் காமரஸ் பற்றிய முடிவு எதிர்பாராதது. இறாலை ஒத்த இந்த ஓட்டுடலி நீரில் விழுந்த இலைகளைத் தின்கிறது. புதிதாக விழுந்த இலையை அது அவ்வளவாக விரும்பாது. நீர்ப்பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் சில வாரம் படர்ந்து, இலை மென்மையாகிச் சத்தேறிய பிறகே நாடும். சல்ஃபாமெத்தாக்சசோல், டிரைமெத்தோப்ரிம் ஆகியவற்றுடன் எரித்ரோமைசின் வகை மருந்துகள் மூன்றைச் சேர்த்த கலவையில் ஊறிய இலையையும், மருந்தில்லா நீரில் ஊறிய இலையையும் காமரஸுக்குக் கொடுத்த ஆய்வு 2009இல் ஜெர்மனியிலிருந்து வெளியானது. லிட்டருக்கு 200 மைக்ரோகிராம் கலவையில் ஊறிய இலையையே அது கூடுதலாகத் தேர்ந்தது. அந்த இலைகளில் பூஞ்சைத்திரளும் அதிகமாக இருந்தது. இலைப்பரப்பில் பாக்டீரியாவும் பூஞ்சையும் போட்டியிடுவதால், ஒன்று ஒடுங்கும்போது மற்றது பெருகுகிறது என்பது பொருத்தமான விளக்கம். இதை மருந்தால் விளைந்த நன்மையாகக் கொள்வது தவறு: இலைமட்கு சிதையும் வேகமும் முறையும் மாறினால், அதை நம்பியுள்ள ஓடை முழுவதும் மாறும். 200 மைக்ரோகிராம் என்ற அந்தச் செறிவு சாதாரண ஆற்றுநீரில் காணப்படுவதைவிட மிக அதிகம் என்பதையும் மறக்கலாகாது.

பாக்டீரியாவுக்கும் பசிக்குமான தொடர்பு மிகத் தெளிவாகத் தெரிந்திருப்பது ஹைட்ராவில். காயம்பட்ட இரையிலிருந்து கசியும் குளுட்டத்தயோன் பட்டதும் ஹைட்ரா வாய் திறக்கும். இதை ஆய்வாளர் லூமிஸ் 1955இல் கண்டறிந்தார். ஜெர்மனியின் கீல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆன்டிபயாடிக் கலவையால் ஹைட்ராவின் பாக்டீரியாக்களை நீக்கியபோது, அதன் உடல் தானாகச் சுருங்கும் எண்ணிக்கை குறைந்தது (2017). உண்ணும் நடத்தையும் மாறுவதாக 2023இல் வெளியான ஆய்வு காட்டியது. கர்விபாக்டர் என்ற ஒரே பாக்டீரியாவை மட்டும் திரும்பச் சேர்த்தபோது உண்ணுதல் மேலும் குன்றியது; அது சுரக்கும் குளுட்டமேட்டே காரணம். இயல்பான பாக்டீரியக் கூட்டத்தைச் சேர்த்ததும் பழைய நடத்தை மீண்டது.

இரசாயனப் பாதுகாப்புக்காக டாப்னியாவில் செய்யப்படும் தரச் சோதனைகளில் ஒன்று 48 மணி நேரத்தில் அசைவற்றுப் போகும் விலங்குகளை எண்ணுகிறது. மற்றொன்று 21 நாளில் பிறக்கும் குஞ்சுகளை எண்ணுகிறது. இரண்டும் உண்ணுதலை நேரடியாக அளப்பதில்லை. அதற்கெனச் செய்யும் ஆய்வுகளில் குறைந்த பாசிச் செல்களின் எண்ணிக்கையோ, தின்னப்பட்ட இலைத்துண்டின் எடைக்குறைவோ கணக்கிடப்படுகிறது. மருந்தில் ஊறிய இலையைத் தூய நீரிலும், தூய இலையை மருந்து கலந்த நீரிலும் தனித்தனியே கொடுத்துப் பார்த்தால்தான் மாற்றம் உணவின் வழி வந்ததா, உடலின் வழி வந்ததா என்று தெரியும்.