மலைப்புற ஸ்கீ பலகை

தடம் சீராக்கப்படாத பனிமலைச் சரிவுகளில் ஏறவும் சறுக்கி இறங்கவும் உதவும் இணைப்பலகை. ஏறும்போது குதிகால் பிணைப்பு விடுவிக்கப்படும்; அடியில் ஒட்டும் மயிரிழைப் பட்டை பின்வழுக்கலைத் தடுக்கும்.

தேர்வில் முதன்மையானது பாதத்தடி அகலம். 110 மி.மீ.க்கு மேற்பட்ட பலகை புதுப்பனியில் மிதக்கும், 90 மி.மீ.க்குக் குறைந்தது இறுகிய பனியை விளிம்பால் நன்கு பற்றும். பனி மாறிக்கொண்டேயிருக்கும் இடங்களுக்கு 95 முதல் 105 மி.மீ. வரை பொருந்தும். இலேசான பலகையில் ஏறுவது எளிது; ஆனால் மேலோடு கட்டிய பனியில் அது அதிரும்.

இந்தியாவில் இத்தகைய சறுக்கலுக்குப் பேர்பெற்ற களம் காஷ்மீரின் குல்மார்க். அங்குள்ள கம்பிவட ஊர்தி அபர்வத் மலையில் ஏறத்தாழ 3,980 மீட்டர் உயரம் வரை செல்கிறது. மேலே காற்றில் இறுகிய பனியும் கீழே மரங்களிடையே மென்பனியும் ஒரே இறக்கத்தில் எதிர்ப்படலாம். பனிச்சரிவு அபாயமுள்ளதால் இருப்பிடங்காட்டி, துழாவுகோல், பனி அள்ளும் வாரி ஆகியவையும் உடன் எடுத்துச் செல்லப்படுகின்றன.